மலை மீண்டும் உடுத்திய பச்சை ஆடை

மலைகளுக்கும் மனித ஆன்மாவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. மோசே நெபோ மலையுச்சியில் நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்டார். எலியா ஓரேபு மலையில் இறைவனின் மெல்லிய குரலைக் கேட்டார். நம் ஆண்டவர் இயேசுவும் கூட்டத்தை விட்டு விலகி மன்றாடுவதற்கு மலைகளையே நாடிச் சென்றார். உயர்ந்த இடத்தில் நிற்கும்போது மனிதன் தன் சிறுமையையும் படைத்தவரின் பெருமையையும் ஒருங்கே உணர்கிறான். எனவேதான் மலைக்காட்சியைக் காண மக்கள் எவ்வளவு தொலைவிலிருந்தும் வருகின்றனர்.

இம்மாதம் நாம் காணவிருப்பது விவிலியத்தில் இடம்பெற்ற மலையன்று. உலக அதிசயங்களின் பட்டியலில் சேர்ந்ததுமன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பென்சில்வேனியா மாநிலத்தின் வடபகுதியில், டியோகா மாவட்டத்தில் அமைந்துள்ள ஒரு சிறிய பூங்கா அது. லெனார்ட் ஹாரிசன் மாநிலப் பூங்கா என்பது அதன் பெயர். பரப்பு 585 ஏக்கர் மட்டுமே. பல இலட்சம் ஏக்கர் கொண்ட பூங்காக்கள் நிறைந்த அந்நாட்டில் இது ஒரு கைப்பிடி நிலம் எனலாம். ஆயினும் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிந்தித்துப் பார்க்க வேண்டிய ஒரு பெரிய பாடத்தை இச்சிறு பூங்கா தன்னுள் அடக்கி வைத்துள்ளது.

விளிம்பில் நின்று காணும் காட்சி

வெல்ஸ்பரோ என்னும் சிற்றூரிலிருந்து ஏறத்தாழ பத்து மைல் சென்றால் இப்பூங்காவை அடையலாம். மலைமேல் சமதளமாக வந்த பாதை திடீரென ஒரு விளிம்பில் முடிவடைகிறது. அங்குதான் புகழ்பெற்ற காட்சி மேடை அமைந்துள்ளது. காலடியில் ஏறத்தாழ 800 அடி ஆழத்தில் பைன் ஓடை வெள்ளிக் கம்பிபோல் வளைந்து செல்கிறது. எதிரே சுமார் 4,000 அடி தொலைவில் மறுகரை மலைச்சுவர் எழுகிறது. அங்கும் கோல்ட்டன் முனை என்னும் மற்றொரு சிறு பூங்கா உண்டு. இரு பூங்காக்களும் பள்ளத்தாக்கின் இரு கரைகளிலும் நின்று ஒன்றையொன்று நோக்கியவண்ணம் உள்ளன. இப்பள்ளத்தாக்கின் நீளம் 47 மைல். தெற்கே வாட்டர்வில் என்னுமிடத்தருகே இதன் ஆழம் 1,450 அடியை எட்டுகிறது. அரிசோனாவிலுள்ள மாபெரும் பள்ளத்தாக்கை நினைவூட்டுவதால், இதனைப் பென்சில்வேனியாவின் பெரும் பள்ளத்தாக்கு என மக்கள் அழைக்கின்றனர். 1968-ஆம் ஆண்டு இது தேசிய இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

மேடையிலிருந்து ஓடை வரை இறங்குவதற்கு ஒரு மைல் நீளமுள்ள செங்குத்தான நடைபாதை உண்டு. வான்கோழிப் பாதை என்று அதற்குப் பெயர். வழியெல்லாம் சிற்றருவிகள் துணைவருகின்றன. இறங்குவது எளிது, ஏறுவதோ கால்களையும் மூச்சையும் நன்றாகச் சோதித்துவிடும். பென்சில்வேனியாவின் மாநிலப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆதலால் ஏழைக் குடும்பமும் செல்வக் குடும்பமும் அதே மேடையில் தோளோடு தோள் நின்று அதே காட்சியைக் காண்கின்றன.

திசை மாறிய ஓடை

இப்பள்ளத்தாக்கு தோன்றிய வரலாறு வியப்புக்குரியது. இங்குள்ள பாறைகள் முப்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையவை. ஆனால் பள்ளத்தாக்கோ அவற்றுடன் ஒப்பிடுகையில் நேற்றுப் பிறந்த குழந்தை. ஒரு காலத்தில் பைன் ஓடை வடகிழக்கு நோக்கிப் பாய்ந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்காவின் பெரும்பகுதியை மூடியிருந்த பனிப்படலம் பின்வாங்கியபோது, அது விட்டுச்சென்ற கல்லும் மண்ணும் பனிக்கட்டியும் ஓடையின் வழியை அடைத்தன. தேங்கிய நீர் ஏரியாயிற்று. ஏரி நிரம்பி எதிர்த்திசையில் வழிந்தது. தெற்கு நோக்கிப் பாய்ந்த அவ்வெள்ளம் மலையை அறுத்து ஆழ்ந்த வழியை அமைத்துக்கொண்டது. வழி அடைபட்டதால் பிறந்த அழகு இது! அடைபட்ட வாழ்க்கைப் பாதைகளையும் இறைவன் இவ்வாறு பயன்படுத்துவதை நம் குடும்பங்களில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்!

கோடரியின் காலம்

இனி நாம் கூறவிருப்பது துயரமான பகுதி. ஐரோப்பியக் குடியேறிகள் வந்தபோது இம்மலைகளை வானளாவிய வெள்ளைப் பைன் மரங்களும் ஹெம்லாக் மரங்களும் மூடியிருந்தன. சாக்ரடீஸ் அருந்திய நஞ்சுச் செடிக்கும் ஹெம்லாக் என்றே பெயர்; இது வேறு. இஃது ஊசி போன்ற இலைகளையுடைய, நெடிதுயர்ந்து பல நூறு ஆண்டுகள் வாழக்கூடிய மரம். அதன் அடர்ந்த நிழலில் ஓடைநீர் கோடையிலும் குளிர்ந்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்காடுகளை நோக்கிக் கோடரிகள் வந்தன. நெடிய வெள்ளைப் பைன் மரங்கள் கப்பற் பாய்மரத் தண்டுகளுக்காக முதலில் வீழ்த்தப்பட்டன. பின்னர் வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தேவையான பலகைகளுக்காக எஞ்சிய மரங்களும் வெட்டப்பட்டன. இளவேனிற்கால வெள்ளத்தில் மரக்கட்டைகளை ஓடையில் மிதக்கவிட்டு, சஸ்குவெஹன்னா ஆற்றின் வழியாக வில்லியம்ஸ்போர்ட் நகரத்து மர அறுவை ஆலைகளுக்கு அனுப்பினர். ஹெம்லாக் மரமோ அதன் பட்டைக்காக வெட்டப்பட்டது. நம் நாட்டில் தோல் பதனிட ஆவாரம்பட்டை பயன்பட்டதுபோல, அங்கே ஹெம்லாக் பட்டை பயன்பட்டது. பட்டையை உரித்துக்கொண்டு, அடிமரத்தைக் காட்டிலேயே அழுகவிட்டுச் சென்ற காலமும் உண்டு. 1883-ஆம் ஆண்டு பள்ளத்தாக்கின் அடியில் இருப்புப்பாதை போடப்பட்டதும் வெட்டும் வேகம் பன்மடங்காயிற்று.

இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை அடிக்கட்டைகள். அவற்றிடையே காய்ந்துகிடந்த கிளைகள். புகைவண்டிகளிலிருந்து பறந்த தீப்பொறிகள் அச்சருகுகளைப் பற்றவைத்தன. தீ மண்ணின் வளத்தையும் எரித்தது. வேர்ப்பிடிப்பு இழந்த மண் மழையில் சரிந்தது. ஓடைகளில் திடீர் வெள்ளம் பெருகியது. வெட்டியவர்கள் வேறு காடுகளைத் தேடிப் போய்விட்டார்கள். அப்பகுதிக்கு மக்கள் வைத்த பெயர்: பென்சில்வேனியப் பாலைவனம்.

இதைச் செய்தவர்கள் கொடியவர்களா? அல்லர். அவர்களுள் பெரும்பாலோர் நம்மைப் போலவே மனைவி மக்களுக்காக உழைத்தவர்கள். ஞாயிறுதோறும் கோவிலுக்குச் சென்றவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். மரத்தை வெட்டியதும் குற்றமன்று. மனிதனின் தேவைக்காகவும் மரங்கள் படைக்கப்பட்டுள்ளன. நாளை பிறக்கவிருக்கும் குழந்தைக்கு ஒன்றும் மீதி வைக்காமல் வெட்டியதே குற்றம். பகைவரின் நகரை முற்றுகையிடும்போதுகூட அங்குள்ள கனிமரங்களை வெட்டலாகாது என்று இணைச்சட்ட நூல் இஸ்ரயேலருக்குக் கட்டளையிட்டதை நாம் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். போர்க்காலத்தில் பகைவனுக்குக் காட்டவேண்டிய இரக்கத்தை, அமைதிக்காலத்தில் தம் சொந்தப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட மனிதர் தவறினர்.

ஒரு வணிகரின் கொடை

பாலைவனத்தின் நடுவே வேறுவிதமாகச் சிந்தித்தவர்களும் இருந்தனர். மருத்துவரும் தாவரவியல் அறிஞருமான ஜோசப் ராத்ராக் என்பவர் ஊர் ஊராகச் சென்று, காடழிந்தால் நீரும் நலவாழ்வும் அழியும் என்று எடுத்துரைத்தார். 1895-ஆம் ஆண்டு அவர் பென்சில்வேனியாவின் முதல் வனத்துறை ஆணையரானார். யாருக்கும் பயனற்றவையெனக் கைவிடப்பட்ட மொட்டை நிலங்களை மாநில அரசு குறைந்த விலையில் வாங்கத் தொடங்கியது. வெறும் அடிக்கட்டைகளை மக்களின் பணத்தால் வாங்குவது மடமை என்று அன்று தோன்றியிருக்கும். எரேமியா இறைவாக்கினரும் எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில் அனத்தோத்தில் ஒரு நிலத்தை விலைகொடுத்து வாங்கினார் அன்றோ? எதிர்நோக்கு உள்ளவனே இத்தகைய நிலத்தை வாங்குவான்.

வெல்ஸ்பரோவைச் சேர்ந்த லெனார்ட் ஹாரிசன் மரத் தொழிலிலும் ஈடுபட்டிருந்த வணிகர். பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்த நிலம் அவருக்குச் சொந்தமாயிருந்தது. அவ்விடத்தை அவர் பொதுமக்கள் வந்து உணவருந்தி இளைப்பாறும் இடமாக அமைத்திருந்தார். 1922-ஆம் ஆண்டு அதில் 121 ஏக்கரை மாநிலத்துக்கே கொடையாக அளித்தார். அக்கொடையே இன்றைய பூங்காவின் வித்து. மனிதரின் உள்ளத்தை அறிபவர் இறைவன் ஒருவரே. ஆயினும் மரத்தால் பொருளீட்டிய ஒரு கை, மலையின் ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்தது என்னும் உண்மை நம் உள்ளத்தைத் தொடுகிறது. எரிகோவின் சக்கேயு இயேசுவைத் தம் வீட்டில் மகிழ்ச்சியோடு வரவேற்றதோடு நின்றுவிடவில்லை. பிறரிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதாகவும் எழுந்து நின்று உரைத்தார்.

முப்பது டாலர் ஊதியம்

1930-களில் அமெரிக்காவைப் பொருளாதார வீழ்ச்சி வாட்டியது. வேலையற்ற இளைஞர் கோடிக்கரையில் நின்றதுபோல் திகைத்து நின்றனர். 1933-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் குடிமக்கள் இயற்கைக் காப்புப் படையை உருவாக்கினார். வறிய குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்கள் காட்டு முகாம்களில் தங்கி மரம் நட்டனர், தீயணைத்தனர், பாதைகளும் பாலங்களும் அமைத்தனர். மாத ஊதியம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக அவர்களுடைய பெற்றோர்க்கு அனுப்பப்பட்டது. 1942 வரை ஏறத்தாழ முப்பது இலட்சம் இளைஞர் இப்படையில் பணியாற்றினர். நாடெங்கும் ஏறத்தாழ முந்நூறு கோடி மரக்கன்றுகளை நட்டனர்.

லெனார்ட் ஹாரிசன் பூங்காவின் பாதைகளிலும் கட்டடங்களிலும் அவ்விளைஞரின் உழைப்பு கலந்துள்ளது. அவர்களை நினைவுகூரும் சின்னமும் அங்கு உண்டு. இதில் ஓர் அழகிய உண்மை புலனாகிறது. மலைக்கு மருந்திட்ட கைகளே வீட்டு அடுப்பையும் எரியவைத்தன. மண்ணைக் காப்பதா, ஏழைக்கு உணவளிப்பதா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவோர் இன்றும் உளர். அவ்விரண்டும் ஒரே பணியின் இரு பக்கங்களாக இருக்க முடியும் என்பதற்கு அந்த 25 டாலரே சான்று.

திரும்பி வந்தவையும் வராதவையும்

இன்று அம்மேடையில் நிற்பவர் காண்பது பச்சைக் கம்பளம் போர்த்திய மலைகளை. பூங்காவைச் சுற்றி 1,60,000 ஏக்கர் பரப்புள்ள டியோகா அரசுக்காடு விரிந்துள்ளது. 1906 முதல் வேறு மாநிலங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மான்கள் பெருகின. 1917-இல் நீரெலி இனமான பீவர் மீண்டும் மாநிலத்தில் குடியேற்றப்பட்டது. 1980-களில் நீர்நாய்கள் பைன் ஓடைக்குத் திரும்பின. வெண்தலைக் கழுகின் கூடுகள் 1980-இல் மாநிலம் முழுவதிலும் மூன்றே எஞ்சியிருந்தன. 1983 முதல் கனடாவிலிருந்து குஞ்சுகளைக் கொணர்ந்து வளர்த்ததன் பயனாக, அவை பின்னர் முந்நூறைக் கடந்தன. பள்ளத்தாக்கின் இருப்புப்பாதையில் 1988-ஆம் ஆண்டு கடைசிப் புகைவண்டி ஓடியது. மரங்களைச் சுமந்து சென்ற அவ்வழி இன்று 62 மைல் நீளமுள்ள நடைபாதையாகவும் மிதிவண்டிப் பாதையாகவும் விளங்குகிறது.

செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் இங்குக் கூட்டம் அலைமோதும். இலையுதிர் காலத்தில் மேப்பிள், ஓக், பீச் முதலிய மரங்களின் இலைகள் செந்நிறமும் பொன்னிறமும் பூண்டு மலை முழுவதும் தீப்பற்றியதுபோல் ஒளிரும். அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாளாகிய அக்டோபர் 4 இப்பருவத்திலேயே வருகிறது. இங்கே நாம் சற்று நின்று நோக்கவேண்டிய ஓர் உண்மை உண்டு. வீழ்த்தப்பட்ட பைன், ஹெம்லாக் மரங்களின் இடத்தில் பெரும்பாலும் வளர்ந்தவையே இந்த அகன்ற இலை மரங்கள். பழைய காடு நின்றிருந்தால் இத்துணை வண்ணம் இம்மலைமேல் தோன்றியிராது. மனிதனின் தவறு விட்டுச்சென்ற வெற்றிடத்தில் இறைவன் புதியதோர் அழகை வளரவிட்டார்.

அப்படியானால் தவறும் நன்மைக்கே என்று கூறிவிடலாமா? கூடாது. ஏனெனில் திரும்பி வராதவையும் உண்டு. ஒரு காலத்தில் பென்சில்வேனியாவின் பீச் காடுகளில் கணக்கிலடங்காத பயணப் புறாக்கள் கூடு கட்டின. அவை கூட்டமாகப் பறந்தால் வானமே இருண்டதாம். வேட்டையும் காடழிவும் அவற்றை ஒழித்தன. அவ்வினத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1-ஆம் நாள் சின்சினாட்டி நகர விலங்குக் காட்சியகத்தில் இறந்தது. எந்தக் கொடையாலும் எந்த உழைப்பாலும் அதை மீட்க இயலாது. எஞ்சிய ஹெம்லாக் மரங்களையும், கிழக்காசியாவிலிருந்து வந்து பரவிய, வெண்பஞ்சு போன்ற உறையுடைய ஒரு நுண்பூச்சி உறிஞ்சி அழித்து வருகிறது. 1931 முதல் பென்சில்வேனியாவின் மாநில மரமாக விளங்குவது அந்த ஹெம்லாக்கே!

ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றி நாம் சிறுவயதில் கற்ற மறைக்கல்வி இங்கு நினைவுக்கு வருகிறது. பாவம் மன்னிக்கப்பட்ட பின்னரும் பரிகாரம் தேவை. மன்னிப்பு இறைவனின் கொடை. பரிகாரம் நம் கடமை. கடுஞ்சொல்லால் உடைந்த உள்ளத்தை மன்னிப்புக் கேட்டவுடன் முன்புபோல் ஆக்கிவிட முடிவதில்லை. அடிக்கட்டைகளிடையே கன்று நடுவதுபோல் பொறுமையுடன் ஆண்டுக்கணக்கில் ஈடுசெய்ய வேண்டியுள்ளது. முன்பிருந்த அன்பே திரும்பும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் வேறொரு வடிவில், சிலவேளை இன்னும் கனிந்த வடிவில், அது துளிர்க்கக்கூடும். காட்டுக்கு உரிய இந்நியதி குடும்பத்துக்கும் உரியதே.

உரிமையாளர் அல்லர், அறங்காவலர்

1971-ஆம் ஆண்டு பென்சில்வேனிய மக்கள் தங்கள் அரசியலமைப்பில் ஒரு புதிய விதியை வாக்களித்துச் சேர்த்தனர். தூய காற்றும் தூய நீரும் மக்களின் உரிமை. பொது இயற்கை வளங்கள் இனிப் பிறக்கவிருக்கும் தலைமுறைகளுக்கும் பொதுச்சொத்து. அரசு அவற்றின் அறங்காவலர் என்பது அதன் சாரம். இவ்விதி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இப்பகுதியின் நிலத்தடிப் பாறைகளில் எரிவாயு மிகுந்துள்ளது. அதை எடுக்கும் தொழில் இந்நூற்றாண்டில் பெருகியபோது, வேலைவாய்ப்பைக் கருதி வரவேற்றோரும் நீரையும் காட்டையும் எண்ணிக் கலங்கினோரும் இருந்தனர். எரிவாயுத் தொழில் குறித்த ஒரு சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாதவையென 2013-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் 1971-ஆம் ஆண்டின் விதி பெரும்பங்கு வகித்தது. முன்பு கோடரி கேட்ட கேள்வியை இன்று எரிவாயுக் குழாய் கேட்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் இக்கேள்விக்குத் தானே விடையளித்தாக வேண்டும்.

திருச்சபையின் போதனையும் இதுவே. தொடக்கநூலில் இறைவன் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே. லேவியர் நூல் நிலத்துக்கும் ஏழாம் ஆண்டில் ஓய்வு வகுத்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-இல் அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சுற்றுச்சூழலைப் பேணுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். மண்ணின் அழுகுரலும் ஏழையின் அழுகுரலும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்றும், நமக்குப் பின் வருவோர்க்கு நாம் நீதிக் கடன் பட்டுள்ளோம் என்றும் அதில் வலியுறுத்தினார். செப்டம்பர் 1-ஆம் நாளைப் படைப்பின் பராமரிப்புக்கான மன்றாட்டு நாளாகவும் அவ்வாண்டே ஏற்படுத்தினார். கடைசிப் பயணப் புறா இறந்ததும் ஒரு செப்டம்பர் 1 என்பதை நாம் அந்நாளில் நினைவுகூரலாம்.

நம் இல்லங்களில்

நம்மில் பலர் அப்பூங்காவைக் காண வாய்ப்பில்லை. ஆயினும் அது கற்பிக்கும் பாடத்தைக் கடைப்பிடிக்கக் கடல் கடக்க வேண்டுவதில்லை. ஹாரிசன் கொடுத்தது ஒரு மாநிலத்தின் பரப்பை நோக்க ஒரு தூசு. ஆனால் அத்தூசு காக்கப்பட்டதால் நூறாண்டுகளுக்கும் மேலாக மக்கள் அங்கு நின்று இறைவனின் கைவண்ணத்தை வியக்க முடிகிறது. நம் வீட்டுக் கொல்லையில் ஒரு மரம், பங்கு ஆலய வளாகத்தில் ஒரு நிழல், கல்லறைத் தோட்டத்தின் வேலியோரத்தில் ஒரு வரிசைக் கன்றுகள், தூர்ந்துபோகாமல் காக்கப்படும் ஒரு கிணறு—இவை நம் 121 ஏக்கர். முதல் நற்கருணை பெறும் நாளில் பிள்ளையின் கையால் ஒரு கன்றை நடச்செய்து, அதற்கு நீரூற்றும் பொறுப்பையும் அப்பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். திருமண நாளின் நினைவாகக் கணவனும் மனைவியும் ஒன்றை நடலாம். நட்டதோடு நில்லாமல், மூன்று கோடைகள் அதைக் காப்பாற்றுவதே உண்மையான பணி.

மோசே நெபோ மலையிலிருந்து கண்ட நாட்டில் அவரால் கால்வைக்க இயலவில்லை. பின்வந்தவர்களே அதனுள் நுழைந்தார்கள். அடிக்கட்டைகளிடையே கன்று நட்டவர்களிற் பலரும் இன்றைய காட்டைக் காணாமலேயே இறந்தார்கள். தாம் உண்ணாத கனிக்காக உழைப்பவரின் உழைப்பையே இறைவன் பல தலைமுறைகளுக்கு ஆசீராக மாற்றுகிறார். அத்தகைய உழைப்பாளர்களுள் நம் குடும்பமும் ஒன்றாக விளங்கட்டும்!